பெருவிரல் எந்தப் பக்கம் சாய்கிறது?

பந்தும் கையும்: வாசகர் கேள்வி பதில்

பந்தை உருட்டிப் பத்து முனைகளை (பின்களை) வீழ்த்தும் பௌலிங் ஆட்டத்தில், பந்தில் விரல்களுக்குத் துளை போடும் அளவைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "இடக்கையருக்கும் அதே கணக்குத்தான்; கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிக்கொண்டால் போதும்" என்று ஒரு வரி எழுதிவைத்தேன். அச்சுக்குப் போகும் நேரம், பக்கத்தில் இடமில்லை, நானும் அன்று மதியம் சாப்பிட்டிருக்கவில்லை. அந்த வரிக்கு இம்மாதம் வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால் நாட்டில் பௌலிங் ஆடுபவர்களில் பாதிப்பேர் இடக்கைக்காரர்களோ என்று தோன்றுகிறது. கோபமாக எழுதியவர்களும் உண்டு. அவர்கள் கோபம் நியாயமானது. பெட்டாலிங் ஜெயாவில் துளையிடும் இயந்திரத்துக்கு முன்னால் 26 ஆண்டுகள் நின்றவன் அப்படி ஒரு வரியை எழுதியிருக்கக் கூடாது. எனவே இம்முறை பக்கம் முழுவதும் இடக்கைக்கே. பந்து ஓடும் தளத்தில் (லேனில்) பூசும் ஆயில், காலணி, அணி சேர்ப்பு பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

"ஐயா, நான் இடக்கைக்காரன். மூன்று ஆண்டுகளாக ஆடுகிறேன். வலக்கையால் ஆடும் நண்பரின் அளவுத்தாளைக் கடையில் கொடுத்து, 'இதேபோல, ஆனால் இடக்கைக்கு' என்று சொல்லி 14 பவுண்டு பந்தில் துளை போட்டேன். பெருவிரலுக்கு 'ரிவர்ஸ் 1/4, ரைட் 1/8' என்று தாளில் இருக்கிறது. அப்படியே போட்டிருக்கிறார்கள். இரண்டாவது ஆட்டம் முடிவதற்குள் தோல் உரிந்துவிடுகிறது. பிட்ச் தவறா? எனக்கு லெஃப்ட் 1/8 இருந்திருக்க வேண்டுமா?"
கிள்ளான் வாசகர்

தம்பி, நண்பரின் பல்செட்டைக் கண்ணாடியில் திருப்பிப் பார்த்து உங்களுக்கு ஒன்று செய்துகொண்டால் மெல்ல முடியுமா? முதல் தவறு அங்கே. ஆனால் நீங்கள் கேட்ட கேள்வி அதைவிட நுட்பமானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிட்ச் என்பது துளையின் சாய்வு. துளையைக் கீழே நீட்டிக்கொண்டே போனால் அது பந்தின் நட்ட நடு மையத்தில் போய் முட்டினால் பிட்ச் பூஜ்யம். மையத்தை எவ்வளவு தூரம் தவறவிடுகிறதோ, அந்தத் தூரத்தைத்தான் அங்குலத்தில் 1/8, 1/4, 3/8 என்று எழுதுகிறோம். துளையின் அடி உள்ளங்கையை நோக்கிப் போனால் ஃபார்வர்ட். உள்ளங்கையை விட்டு விலகிப் போனால் ரிவர்ஸ். பெருவிரலுக்கு ஃபார்வர்ட் கூடினால் பந்து கையில் ஒட்டிக்கொண்டு தாமதமாக விடுபடும். ரிவர்ஸ் கூடினால் சீக்கிரம் நழுவும். இந்த இரண்டும் வலக்கைக்கும் இடக்கைக்கும் ஒன்றுதான். இதில் குழப்பமே இல்லை.

குழப்பம் பக்கவாட்டுச் சாய்வில் வருகிறது. விரல் துளைகள் மேலே, பெருவிரல் துளை கீழே இருக்குமாறு பந்தை உங்கள் முன்னால் வையுங்கள். வலக்கையை அதன் மேல் வைத்தால் பெருவிரலிலிருந்து பார்க்கும்போது உள்ளங்கை வலப்புறம் இருக்கிறது. ஆகவே வலக்கையருக்கு 'ரைட்' என்றால் துளையின் அடி உள்ளங்கைக்கு அடியில் போகிறது. இப்போது இடக்கையை வையுங்கள். உள்ளங்கை இடப்புறம் வந்துவிட்டது. உங்களுக்கு 'ரைட்' என்றால் துளையின் அடி உள்ளங்கையை விட்டு வெளியே ஓடுகிறது. நண்பருக்கு உள்ளே போகும் அதே 1/8 உங்களுக்கு வெளியே போகிறது. தாளில் இருப்பது ஒரே சொல், கையில் இருப்பது நேர் எதிர்.

எவ்வளவு பெரிய தவறு என்று கேட்பீர்கள். பந்தின் விட்டம் ஏறத்தாழ எட்டரை அங்குலம். அதில் 1/8 என்பது சுமார் 1.7 டிகிரி சாய்வு. இரண்டு அங்குல ஆழத்தில் பெருவிரலின் முனை இருக்கும் இடத்தில் அது ஒன்றரை மில்லிமீட்டர் விலகல். நண்பரின் அளவு உங்களுக்குப் பொருந்தும் என்றே வைத்துக்கொண்டாலும், உள்ளே 1/8 போக வேண்டியது வெளியே 1/8 போனதால் வேறுபாடு 1/4, அதாவது மூன்று மில்லிமீட்டர். மோதிரம் மூன்று மில்லிமீட்டர் சிறிதாக இருந்தால் விரலில் ஏறவே ஏறாது. பந்தில் துளை கொஞ்சம் பெரிதாக இருப்பதால் விரல் ஏறிவிடுகிறது, பிறகு 6.35 கிலோ எடையை ஓர் ஆட்டத்துக்கு இருபத்தோரு முறை வரை இழுக்கிறது. தோல் உரியாமல் என்ன செய்யும்?

இருந்தாலும் "லெஃப்ட் 1/8 போடுங்கள்" என்று உங்களுக்கு எழுதித் தர மாட்டேன். அது உங்கள் நண்பரின் பெருவிரலைத் திருப்பிப் போட்ட அளவு. உங்கள் பெருவிரல் என்ன சொல்கிறது என்று நான் பார்த்ததில்லை. ஆனால் நீங்களே பார்க்கலாம். இரண்டு சோதனைகள் போதும்.

முதலாவது, பந்து. ஒரு பென்சிலைப் பெருவிரல் துளையின் சுவரோடு ஒட்டி நிறுத்துங்கள். அல்லது துளை கொள்ளும் தடிமனில் ஒரு மரக்குச்சி கிடைத்தால் இன்னும் நல்லது. குச்சியின் வெளியே நிற்கும் முனை எந்தப் பக்கம் சாய்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம்தான் துளையின் அடி போகிறது. இதில் ஏமாறாதவர் குறைவு. குச்சி வலப்புறம் சாய்ந்து நிற்பதைப் பார்த்து "ரைட்" என்று எழுதும் டிரில்லர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, உங்கள் பெருவிரல். சாய்வு பொருந்தாத துளையில் விரல் குறுக்காக உரசும். விரலின் அடிப்பகுதியில் ஒரு பக்கமும் முனையில் அதன் எதிர்ப்பக்கமும் சிவந்திருந்தால் பிட்ச்தான் காரணம். அடியிலிருந்து முனைவரை ஒரே பக்கம் சிவந்திருந்தால் பிட்சைத் தொடாதீர்கள். துளையின் அளவோ வடிவமோ சரியில்லை. மனிதப் பெருவிரல் வட்டமாக இருப்பது அரிது, முட்டை வடிவத் துளை தேவைப்படலாம். குறுக்காக உரசினால் ஒரு எளிய வழி: விரலின் முனையில் எந்தப் பக்கம் உரசுகிறதோ அந்தப் பக்கம் நோக்கித் துளையின் அடி நகர வேண்டும். விரல் போக விரும்பும் இடத்துக்குத் துளை வழிவிடுகிறது, அவ்வளவுதான்.

உங்கள் விஷயத்தில் என் ஊகம்: முனையின் உள்ளங்கைப் பக்கமும், அடியின் வெளிப்பக்கமும் உரிந்திருக்கும். அப்படியானால் துளையின் அடி உள்ளே வர வேண்டும். எவ்வளவு என்பதை அளவுப் பந்தில் கையை வைத்துத்தான் சொல்ல முடியும். ஒரு ஆறுதல்: பெருவிரலில் ஸ்லக் (துளைக்குள் ஒட்டும் பிளாஸ்டிக் உருளை) பொருத்தியிருந்தால் பந்தை அடைத்து மறுபடி துளையிட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது. பழைய ஸ்லக்கை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டி, அதற்குள் புதிய சாய்வில் துளையிட்டால் போதும்.

இதே தவறை நானும் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்து மூன்றாவது ஆண்டு. இடக்கைக்காரரான ஒரு பள்ளி ஆசிரியர் பந்து கொண்டுவந்தார். அவர் கையை ஒழுங்காகத்தான் அளந்தேன். தாளில் எழுதும்போது, நாள் முழுக்க வலக்கையருக்கு எழுதிய பழக்கத்தில், உள்ளே போக வேண்டிய 1/8ஐ 'ரைட்' என்று எழுதினேன். மறுநாள் காலை தாளைப் பார்த்து இயந்திரத்தில் வைத்தேன். இரண்டு வாரம் கழித்து விரலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் என்னைத் திட்டவில்லை. "எனக்கு இன்னும் பழகவில்லை போலிருக்கிறது" என்று மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார். அதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. கத்தரிக்கோலிலிருந்து நாற்காலியோடு ஒட்டிய எழுதும் பலகை வரை எல்லாமே பிறருக்காகச் செய்யப்பட்டிருக்கும் உலகத்தில் வளர்ந்தவர்கள், ஒரு பொருள் கையில் உறுத்தினால் முதலில் தங்கள் கையைத்தான் சந்தேகிக்கிறார்கள். கூலி வாங்காமல் திருத்திக் கொடுத்தேன். அன்றிலிருந்து என் அளவுத்தாளில் ரைட், லெஃப்ட் என்ற சொற்கள் கிடையாது. 'உள்', 'வெளி' என்று இரண்டே கட்டங்கள். உள்ளங்கைக்கு அடியில் போனால் உள், விலகினால் வெளி. எந்தக் கைக்கும் அதுவே. இயந்திரத்தின் முன்னால் நின்று, இது எந்தக் கை என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த பிறகுதான் அதை வலம் இடமாக மாற்றுவேன். நீங்களும் அடுத்த முறை கடைக்காரரிடம் "உள்ளே எவ்வளவு?" என்று கேளுங்கள். உடனே பதில் சொன்னால் நல்ல கடை. "உள்ளே என்றால்?" என்று கேட்டால் உங்கள் பந்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

"நான் தையல் வேலை செய்கிறேன், வயது 47, இடக்கைக்காரி. நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் ஃபார்வர்ட் 1/4 போட்டிருக்கிறார்கள். 'இப்போது எல்லோருக்கும் இதுதான்' என்றார்கள். ஆடிய மறுநாள் விரல்களின் கடைசிக் கணு வலிக்கிறது. ஊசி பிடிக்க முடியவில்லை. இடக்கையருக்கு விரல் பிட்ச் வேறா?"
பினாங்கு வாசகி

விரல்களுக்கு ஃபார்வர்ட், ரிவர்ஸ் விஷயத்தில் இடக்கை வலக்கை வேறுபாடு இல்லை. விரல் மடங்குமா மடங்காதா என்பதுதான் கேள்வி. 'எல்லோருக்கும் இதுதான்' என்ற சொற்றொடரை என் பட்டறையில் நான் தடை செய்திருக்கிறேன்.

விரல்நுனிப் பிடியில் கடைசிக் கணு வரைதான் விரல் உள்ளே போகிறது. அந்தக் கணு எவ்வளவு மடங்குகிறதோ அதற்கேற்பத்தான் துளை சாய வேண்டும். வலக்கையால் இடக்கையின் நடுவிரலை அதன் நடுப்பகுதியில் இறுகப் பிடித்துக்கொண்டு கடைசிக் கணுவை மட்டும் மடக்கிப் பாருங்கள். வலிக்காமல் செங்கோணத்துக்குப் பக்கத்தில் போனால் ஃபார்வர்டைத் தாங்கும் விரல். பாதிச் செங்கோணத்திலேயே நின்றுவிட்டால் அந்த விரலுக்குப் பூஜ்யமோ ரிவர்ஸோதான் பொருந்தும். ஆண்டுக்கணக்கில் ஊசியும் கத்தரியும் பிடித்த விரல்கள் இறுகியிருப்பதில் வியப்பில்லை. மடங்காத விரலை ஃபார்வர்ட் துளைக்குள் தள்ளினால் இரண்டு இடத்தில் அழுத்தும்: உள்ளங்கைப் பக்கம் கணுவின் மடிப்பில், பிறகு துளையின் அடியில் விரல்முனையின் நகப்பக்கம். மேலே கிள்ளான் தம்பிக்குச் சொன்ன அதே விதி இங்கும் செல்லும். முனையில் நகப்பக்கம் உரசுகிறது, ஆகவே துளையின் அடி நகப்பக்கம் போக வேண்டும். அதாவது ரிவர்ஸ் நோக்கி.

இரண்டு விரல்களையும் தனித்தனியாகச் சோதியுங்கள். நடுவிரல் 1/8 ஃபார்வர்ட், மோதிர விரல் பூஜ்யம் என்று வந்தால் அப்படியே போடச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பிட்சை மாற்றும்போது ஸ்பேனையும், அதாவது பெருவிரல் துளைக்கும் விரல் துளைக்கும் இடையிலான தூரத்தையும், மறுபடி அளக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

இடக்கைக்காரர்களுக்கென்று விரல்களில் ஒரே ஒரு பொறி உண்டு. வலக்கையருக்கு, பந்தைப் பார்த்து நின்றால், இடப்புறத் துளை நடுவிரல். உங்களுக்கு அது மோதிர விரல். அச்சிட்ட அளவுத்தாள்களில் பல வலக்கையை வைத்து வரைந்தவை. பெயரைப் படிக்காமல் படத்தைப் பார்த்துத் துளையிடுபவர், நடுவிரலின் ஸ்பேனை மோதிர விரலுக்கும் மோதிர விரலின் ஸ்பேனை நடுவிரலுக்கும் போட்டுவிடுவார். வேறுபாடு 1/8 அங்குலம் இருந்தாலே ஒரு விரல் எல்லா எடையையும் சுமக்கும், மற்றது சும்மா தொங்கும். வலி ஒரு விரலில் மட்டும் என்றால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

"வலது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை செய்த பிறகு மருத்துவர் அந்தக் கையால் பந்து தூக்க வேண்டாம் என்றார். இடக்கையால் ஆடப் பழகுகிறேன். எனக்கு என் வலக்கையின் அளவுத்தாள் இருக்கிறது. இது நண்பரின் கை இல்லையே, என் கைதானே! திருப்பிப் போடலாமா?"
ஜொகூர் பாரு வாசகர்

நல்ல மடக்கு. ஆனாலும் வேண்டாம்.

உங்கள் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து வைத்துப் பாருங்கள். விரல்நுனிகள் சரியாகப் பொருந்துகிறதா? பலருக்குப் பொருந்தாது. உங்கள் வலக்கை ஐம்பது ஆண்டுகள் உழைத்த கை, கணுக்கள் தடித்திருக்கும். இடக்கை பெருவிரல் துளை அதைவிடச் சிறிதாக வேண்டியிருக்கலாம். ஸ்பேன் 1/16 முதல் 1/8 வரை வேறுபடுவதை வாடிக்கையாகப் பார்க்கிறேன்.

அதைவிட முக்கியமானது, புதுக் கை பயப்படும். பயந்த கை இறுக்கும். உங்கள் வலக்கையில் 3/8 ரிவர்ஸ் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது பந்தை நம்பி விடத் தெரிந்த கைக்கு. அதையே பழகாத இடக்கைக்குப் போட்டால் கையைப் பின்னால் வீசும்போதே பந்து நழுவப் போகிறது என்ற பயத்தில் பெருவிரலின் கணுவை மடக்கிப் பிடிப்பீர்கள். கணு மடங்கினால் பந்து சிக்கும், விரல் வீங்கும். அளவுப் பந்தில் வைத்துப் பார்த்து, உங்கள் வலக்கையைவிடக் குறைந்த ரிவர்ஸில் தொடங்குங்கள். மூன்று நான்கு மாதம் கழித்துக் கை தளர்ந்ததும் ஸ்லக்கை மாற்றிக் கூட்டலாம். பந்தின் எடையிலும் இரண்டு பவுண்டு குறையுங்கள். பெருமையைக் கொஞ்ச நாள் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

பழைய பந்தையே இடக்கைக்கு மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மாற்றலாம். ஆனால் பழைய துளைகளை அடைத்தே ஆக வேண்டும். 2020 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க பௌலிங் காங்கிரஸின் விதிப்படி பிடிப்பதற்குப் பயன்படாத எந்தத் துளையும் பந்தில் இருக்கக் கூடாது. எடையைச் சமன் செய்ய முன்பு போட்டுவந்த கூடுதல் துளைக்கும் அன்றோடு விடை கொடுத்தாயிற்று.

"புதிய பந்தின் அட்டைப்பெட்டியில் எங்கே துளை போட்டால் எப்படி வளையும் என்று படம் போட்டிருக்கிறது. இடக்கைக்கு அந்தப் படத்தை என்ன செய்வது?"
சிங்கப்பூர் வாசகர்

அந்தப் படத்தைத் தாராளமாகக் கண்ணாடியில் பார்க்கலாம். சென்ற மாதம் நான் எழுதிய வரி முழு உண்மையாவது இங்கேதான். பந்துக்குள் இருக்கும் எடைக்கட்டிக்கு எந்தக் கை என்று தெரியாது; படத்தை இடம் வலமாகத் திருப்பினால் பந்தும் திரும்பி வளையும். உங்கள் சுழல் அச்சுப் புள்ளியை (பந்து உருளும்போது எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறதோ அதை) மட்டும் உங்கள் வீச்சிலிருந்தே அளந்து, பிடியின் நடுக்கோட்டிலிருந்து இடப்புறமாகக் குறியுங்கள். பந்தில் எண்ணெய்த் தடம் விழும் வளையத்தைப் பார்த்தால் உங்கள் டிரில்லர் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

"இடக்கையருக்கு லேனில் எப்போதும் ஆயில் புதிதாக இருக்கும், அதனால் அவர்கள் சுலபமாக ஸ்ட்ரைக் (ஒரே உருட்டில் பத்து முனைகளும்) அடிக்கிறார்கள் என்று என் அணியில் இரு பிரிவாகச் சண்டை. தீர்ப்புச் சொல்லுங்கள்."
ஈப்போ வாசகர்

அணிக்குள் சண்டை மூட்டும் கடிதங்களுக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் பிட்சோடு இதற்குத் தொடர்பு இருக்கிறது.

லேனில் 39 பலகைகள். வலக்கையர் வலப்புறத்துப் பலகைகளில் உருட்டி முதலாம் மூன்றாம் முனைகளுக்கு (பின்களுக்கு) நடுவே நுழைகிறார். இடக்கையர் இடப்புறமாக வந்து முதலாம் இரண்டாம் முனைகளுக்கு நடுவே. ஆறு பேர் ஆடும் லேனில் ஐவர் வலக்கையர் என்றால் வலப்புற ஆயில் சீக்கிரம் அழிந்து இடம் மாறுகிறது. இடப்புறம் ஒற்றை ஆள் போன பாதையாகக் கிடக்கிறது. அந்த மட்டில் சலுகைதான். ஆனால் இடப்புறம் கடினமாக இருக்கும் நாளில், பாதையைத் தேய்த்துத் தரவோ, எங்கே வளைகிறது என்று பார்த்துக் கற்றுக்கொள்ளவோ அவருக்குத் துணை ஆள் இல்லை. அன்று உங்கள் அணியில் யாரும் இதைப் பற்றிப் பேசியிருக்க மாட்டீர்கள்.

பிட்சோடு தொடர்பு இதுதான். பாதை அதிகம் மாறாத நாளில் இடக்கையர் அதே இடத்தில், அதே வேகத்தில், அதேபோல விடுவதே பெரிய ஆதாயம். பெருவிரல் ஒருமுறை சிக்கி மறுமுறை நழுவினால் அந்த ஆதாயம் போய்விடும். இதற்கு நான் எப்போதும் நினைப்பது எர்ல் ஆண்டனியை. அமெரிக்கர், இடக்கைக்காரர், குட்டை முடியும் கண்ணாடியுமாக வங்கி அதிகாரிபோல இருப்பார். 1975இல் ஒரே பருவத்தில் ஒரு லட்சம் டாலர் பரிசுப்பணம் ஈட்டிய முதல் பௌலர். 1982இல் வாழ்நாள் பரிசுப்பணம் பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் ஆளும் அவரே. தொழில்முறைப் பட்டங்கள் 43. காணொளியில் அவர் பந்தை விடும் கையை மட்டும் பாருங்கள். கை அவசரப்படுவதே இல்லை. எல்லா இடக்கையருக்கும் அதே லேன்தான் கிடைத்தது. 43 பட்டம் அவர்கள் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லையே. தீர்ப்பு இவ்வளவுதான், இனி சண்டையை நிறுத்திவிட்டு, மிச்சம் நிற்கும் முனைகளை இரண்டாம் உருட்டில் வீழ்த்தும் ஸ்பேர் அடிக்கப் பழகுங்கள்.

"என் மகளுக்கு ஒன்பது வயது. பந்தை இடக்கையால்தான் எடுக்கிறாள். மாமியார், 'பீச்சாங்கையால் விளையாட விடாதே, சோற்றுக்கைக்கு மாற்று' என்கிறார். மாற்றலாமா? அவளுக்கென்று பந்து துளை போடலாமா?"
சிரம்பான் வாசகி

மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சோறு எந்தக் கையால் சாப்பிட வேண்டும் என்பது உங்கள் வீட்டு விஷயம், நான் தலையிட மாட்டேன். பந்தை மட்டும் அவள் எடுக்கும் கையிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். மாற்றினால் எனக்குத்தான் வேலை இரட்டிப்பாகும்.

பந்து துளையிடலாம். குழந்தைக்கு விரல்நுனிப் பிடி வேண்டாம்; இரண்டாவது கணு வரை விரல் போகும் சாதாரணப் பிடி போதும். பெருவிரலில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பக்கவாட்டுச் சாய்வு எதுவும் இப்போது தேவையில்லை. எடைக்கு, வயதுக்கு ஒரு பவுண்டு என்று கூடங்களில் சொல்வார்கள். நான் அதைவிட ஒரு பவுண்டு குறைத்தே தொடங்குவேன். கை வளர்ந்துகொண்டே இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்பேனைப் பாருங்கள். விரல்களும் பெருவிரலும் துளையில் முழுதாக இருக்கும்போது உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே ஒரு பென்சில் நுழைய வேண்டும். பென்சில் நுழையாமல் உள்ளங்கை பந்தோடு இழுபட்டு ஒட்டிக்கொண்டால் கை வளரவில்லை, ஸ்பேன் பெரிதாகப் போட்டுவிட்டார்கள் என்று பொருள். பென்சிலுக்கு மேல் இடம் இருந்து, பந்தைத் தூக்கும்போது விரல்கள் சுருண்டு இறுக்கினால் கை வளர்ந்துவிட்டது.

துளையின் விளிம்பை மென்மையாக மழுக்கித் தரச் சொல்ல மறக்காதீர்கள். குறிப்பாகப் பெருவிரல் துளையில் ஆள்காட்டி விரல் பக்கத்து விளிம்பு. குழந்தைகள் அழுதுவிட்டு ஆட்டத்தையே விட்டுவிடுவது பெரும்பாலும் அந்த ஒரு விளிம்பினால்தான். அவளுக்கு அந்த விளிம்பு வலப்புறம். கடைக்காரர் பழக்கத்தில் இடப்புறத்தை மழுக்கிவிட்டு நிறுத்திவிடுவார். பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

"ஐயா, எங்கள் ஊரில் துளை போடும் கடை இல்லை. இத்துடன் என் இடக்கையைத் தாளில் வைத்துக் கோடு வரைந்து இணைத்திருக்கிறேன். பிட்ச் என்ன போட வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள்."
கோத்தா திங்கி வாசகர்

வரைந்த தாள் கிடைத்தது. அழகான கை. ஆனால் கோட்டை வைத்து நான் சொல்லக்கூடியது உங்கள் கையின் நிழல் எவ்வளவு அகலம் என்பதை மட்டுமே. கணு எவ்வளவு மடங்குகிறது, பெருவிரல் ஆள்காட்டி விரலுக்கு அடியில் ஒதுங்குகிறதா வெளியே விரிகிறதா, விரல் வட்டமா முட்டை வடிவமா, இவை எதுவும் தாளில் இல்லை. அடுத்த மாதம் ஜொகூர் பாருவுக்கு ஒரு வேலையாக வருகிறேன். அளவுப் பந்தையும் கொண்டுவருவேன். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் வாருங்கள், காலையில் வேண்டாம். வெயிலில் பயணம் செய்துவந்த கை குளிரூட்டிய கூடத்துக்குள் நுழைந்ததும் விரல் சுருங்கும். அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு தேநீர் குடித்த பிறகுதான் அளப்பேன். மேலே எழுதியிருக்கும் ஜொகூர் வாசகரையும் அழைத்து வந்தால் இருவருக்கும் ஒரே தேநீர்ச் செலவு.